ஜெபித்துச் சொல்கிறேன்

எங்கள் சபைகளில் யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ‘ஜெபித்துச் சொல்கிறேன்’ என்றுதான் சொல்வோம். ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியராக வர முடியுமா என்று கேட்டாலும், பெண் பார்க்க எப்போது வரலாம் என்று சம்பந்தம் பேசுகிறவர்கள் கேட்டாலும், ஆலயக் கூரையைச் செப்பனிட உங்கள் பெயரில் எவ்வளவு எழுதிக்கொள்ளட்டும் என்று பொருளாளர் நோட்டை நீட்டினாலும் இந்த ஒரு வாக்கியம் போதும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் வற்புறுத்தினால் ஆண்டவரையே வற்புறுத்துவதாகிவிடும். கடைத்தெருவில் ‘பார்க்கலாம்’ என்ற சொல் செய்கிற வேலையை எங்களுக்கு இது செய்கிறது. ஆனால் ‘பார்க்கலாம்’ என்கிறவன் தன் பெயரில் தட்டிக்கழிக்கிறான். நாங்கள் வேறொருவர் பெயரில் தட்டிக்கழிக்கிறோம். மேல்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், சொற்களை எடைபோட்டே பிழைத்தவன். இருந்தும் இந்த வாக்கியம் எவ்வளவு கனம் என்பது, அதை ஓர் ஏழைத் தாயிடம் நானே சொல்லி, சொன்னதை நானே மூன்றாண்டு சுமந்த பிறகுதான் தெரிந்தது.

2022 ஆகஸ்டு 20, சனிக்கிழமை மாலை. பசுமலையில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மா வந்து நின்றார். எங்கள் சபையைச் சேர்ந்தவர். கணவர் இல்லை, ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை. ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள், பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நான்காண்டுக்கும் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய் கல்விக்கடன் தேவை. நான்கு லட்சம் வரைக்கும் அவர் போன வங்கியில் ஜாமீன் கேட்கவில்லை. அதைத் தாண்டி ஏழரை லட்சம் வரைக்கும் மூன்றாம் நபர் ஒருவருடைய ஜாமீன் வேண்டும் என்றார்கள். அந்த மூன்றாம் நபராக இருக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். “சார், நீங்க பென்சன் வாங்குறீங்க. உங்க கையெழுத்துன்னா ஒத்துக்குவாங்களாம்” என்றார். மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பாலித்தீன் உறையையும், அதற்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய படிவத்தையும் எடுத்து டீப்பாயின்மேல் விரித்தார். ஜாமீன்தாரர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வங்கியில் யாரோ பென்சிலால் ஒரு சிறிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அதன்மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். வாழைக்காய் அரிந்து அரிந்து கறையேறிய விரல். நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

அப்போது என் மனத்தில் ஆண்டவர் இல்லை. என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். மைத்துனனுக்கு ஜாமீன் போட்டுவிட்டு, மைத்துனன் ஊரைவிட்டுப் போனபின், மாதாமாதம் அதைக் கட்டிக்கொண்டு ஓய்வறையில் டீயைக்கூட வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்த மனிதர் அவர். அவர் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. பயமாயிருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். ‘ஜெபிச்சுச் சொல்றேம்மா’ என்றேன். அவர் முகம் தெளிந்தது என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். ஜெபம் என்ற சொல்லை அவர் அதன் சொந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் ‘ஜெபித்தேன்’. மேற்கோள் குறி வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். பத்து நிமிடம் முழங்காலில் நின்றால் அதில் எட்டு நிமிடம் ஓய்வூதியக் கணக்கு ஓடியது. என் தாயார் விட்டுச்சென்ற வாக்குத்தத்தப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. ரொட்டித் துண்டு வடிவத்தில் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு மூலை உடைந்து செலோடேப் ஒட்டியது. அதற்குள் மஞ்சளும் பச்சையுமாகச் சிறுசிறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினேன். ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்.’ அமர்ந்திரு என்றால் ஒன்றும் செய்யாதே என்றுதானே பொருள் என்று எனக்கு நானே உரை எழுதிக்கொண்டேன். நாற்பத்தாறாம் சங்கீதத்தை வகுப்பில் ஒரு மாணவன் இப்படி விளக்கியிருந்தால் அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பேன்.

பிறகு செப்டம்பர் 11, ஞாயிறு காலை. நீதிமொழிகளில் முப்பத்தோரு அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஓர் அதிகாரம் என்று வாசிக்கிற வழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. பதினோராம் தேதிக்குப் பதினோராம் அதிகாரம். பதினைந்தாம் வசனத்தில் கண் நின்றது: ‘அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான், பிணைப்படுவதை வெறுப்பவன் பயமின்றியிருப்பான்.’ உடம்பு சிலிர்த்தது. மாதந்தவறாமல் பதினோராம் தேதியன்று வருகிற வசனம்தான். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வாசிக்கிறேன். ஆனாலும் அன்று எனக்கென்றே வானத்திலிருந்து இறங்கியதுபோல இருந்தது. ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் அந்த அம்மாவிடம் சொன்னேன்: “ஜெபிச்சேம்மா. எனக்குச் சமாதானம் கிடைக்கல.” அவர் ஒரு நொடி நின்றார். “பரவாயில்ல சார். நீங்க எங்களுக்காக ஜெபிச்சீங்கல்ல, அது போதும்” என்றார். மூன்றாண்டாக என்னைத் தூங்கவிடாத வாக்கியம் இதுதான். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

ஜாமீன் தேவைப்படாத நான்கு லட்சத்துக்குள் அடங்கும்படி, அந்தப் பெண் பட்டப்படிப்பை விட்டுவிட்டு மூன்றாண்டு நர்சிங் டிப்ளமாவில் சேர்ந்தாள்.

சீட்டும் பூவும்

என் பாட்டி திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். அவர் பிறந்த வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம்; இரண்டையும் சாமிமுன் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கிறிஸ்தவரான பிறகு பாட்டி பூக்கட்டுவதை விட்டார். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்ப்பதைத் தொடங்கினார். அதற்கடுத்த தலைமுறைக்குப் பெட்டி வந்தது. இப்போது டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டில் வருகிற வாக்குத்தத்த அட்டை. வெள்ளையா சிவப்பா என்ற கேள்வி மாறவில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மழையை நம்பி விதைக்கிற மண்ணில், நாளை என்ன ஆகுமோ என்று அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு, தீர்மானத்தின் பாரத்தை ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிடுவது பெரிய ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

வேதத்திலேயே சீட்டு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தான் தெரிந்தெடுத்தார்கள். ஆனால் அது அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம்; இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்கிய பிறகு, சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேமில் கூடி, காரசாரமாக விவாதித்து, கடைசியில் ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்று எழுதுகிறார்கள். ‘எங்களுக்கும்’ என்ற சொல்லை எழுத அவர்கள் கூசவில்லை. நாங்கள்தான் ‘எனக்கு’ என்ற சொல்லை ஒளித்துவைத்துவிட்டு ஆவியானவர் பெயரை முன்னால் தள்ளுகிறோம்.

கிதியோன் களத்தில் தோல் போட்டதையும் அடிக்கடி சொல்வார்கள். முதல்நாள் தோல்மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்கவேண்டும் என்றான், அப்படியே நடந்தது. மறுநாள் தோல் காய்ந்து தரை நனையவேண்டும் என்றான், அதுவும் நடந்தது. ஆனால் அவன் போருக்குப் போகவேண்டும் என்பது முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டாயிற்று. தோல் அவனுக்கு வழியைக் காட்டவில்லை. தெரிந்த வழியில் கால் வைக்கப் பயந்தவனுக்கு இரண்டு இரவு தவணை கொடுத்தது, அவ்வளவே. எனக்குப் பிடித்தவர் ஆபிரகாமின் ஊழியக்காரர். ஈசாக்குக்குப் பெண் தேடிப் பத்து ஒட்டகங்களோடு போய்க் கிணற்றடியில் நின்று அவர் கேட்ட அடையாளத்தைப் பாருங்கள்: குடிக்கத் தண்ணீர் கேட்டால், கேட்காமலே ஒட்டகங்களுக்கும் வார்க்கிற பெண். தாகத்தோடு வந்த ஒட்டகம் ஒன்றுக்கு எத்தனை குடம் வேண்டும், பத்துக்கு எத்தனை குடம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த அடையாளத்தின் பொருள் விளங்கும். அவர் வானத்தில் மின்னலைக் கேட்கவில்லை. ஒரு மனுஷியின் இரக்கத்தையே அடையாளமாகக் கேட்டார். என் டீப்பாயின்மேல் விரிந்து கிடந்த படிவம் அந்த வகை அடையாளம் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

அடுத்த வசனம்

2022 புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த அட்டை முப்பத்திரண்டாம் சங்கீதம், எட்டாம் வசனம். ‘நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன், உன்மேல் என் கண்ணை வைத்து, உனக்கு ஆலோசனை சொல்லுவேன்.’ அந்த ஆண்டு முழுவதும் அது எங்கள் ஷோகேஸ் கண்ணாடியில் செருகியிருந்தது. படிவத்தோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தபோது அவர் தலைக்குப் பின்னால் இருந்ததும் அதுதான்.

சென்ற ஆண்டு, 2025, லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பகுதி வீட்டு ஜெபக்கூட்டம். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துமுடித்து வந்திருந்த இளம் உதவிப் போதகர் நடத்தினார். ஒவ்வொருவரும் தங்களை நடத்திய வாக்குத்தத்தம் ஒன்றைச் சொல்லவேண்டும் என்றார். நான் இந்த வசனத்தைச் சொன்னேன். பார்க்காமல், பிசகாமல், தமிழாசிரியருக்குரிய உச்சரிப்போடு. அந்தப் போதகத் தம்பி சிரித்துக்கொண்டே, “அடுத்த வசனத்தையும் வாசிச்சிருங்க சார்” என்றார். அடுத்த வசனம் எனக்கு மனப்பாடம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதத்தைத் திறந்து வாசித்தேன்: ‘வாரினாலும் கடிவாளத்தினாலும் வாய் கட்டப்பட்டாலொழிய, உன் கிட்டச் சேராத புத்தியில்லாத குதிரையைப்போலவும் கோவேறு கழுதையைப்போலவும் இருக்கவேண்டாம்.’ கோவேறு கழுதை என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் என் வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா வாசலோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

எட்டாம் வசனத்தை அட்டையில் அச்சிடுகிறவர்கள் ஒன்பதாம் வசனத்தை அச்சிடுவதில்லை. வியாபாரத்துக்கு அது ஆகாது. புத்தாண்டு நள்ளிரவில் கோவேறு கழுதை அட்டையை எடுத்தவர் மறுவருஷம் வேறு சபைக்குப் போய்விடுவார். ஆனால் எட்டாம் வசனம் ஒன்பதோடு சேர்ந்தால்தான் முழுமையாகிறது. நான் சிறுவனாக இருந்தபோது மதுரை ரயில் நிலையத்துக்கு வெளியே ஜட்கா வண்டிகள் நிற்கும். எங்கள் தெருக்காரர் ஒருவர் வண்டி ஓட்டினார். ஒருநாள் அவர் குதிரைக்குக் கடிவாளம் மாட்டுவதை மிக அருகில் நின்று பார்த்தேன். குதிரை பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மறுத்தது. அவர் பெருவிரலை வாயின் ஓரத்தில், பல் இல்லாத இடத்தில் நுழைத்து அழுத்தினார். வாய் திறந்த நொடியில் இரும்பைச் செருகிவிட்டார். பல்லில் இரும்பு மோதிய ஓசை இப்போதும் எனக்குக் கேட்கிறது. பிறகு அது எங்கே இழுத்தாலும் போனது. வழி தெரிந்து போகவில்லை, வலியால் போனது.

கண்ணால் ஆலோசனை என்பது வேறு விஷயம். ஆலயத்தில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் உட்காருவோம். நான் அப்பாவோடு இந்தப் பக்கம். பிரசங்கத்தின் நடுவில் பக்கத்துப் பையனோடு பேசத் தொடங்கினால், அந்தப் பக்கத்திலிருந்து அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். சத்தம் கிடையாது, சைகை கிடையாது, அதுவே போதும். ஆனால் அந்தப் பார்வை வேலை செய்யவேண்டுமென்றால் நான் அம்மாவின் பக்கம் திரும்பவேண்டும். தப்புச் செய்கிற நாட்களில் திரும்பாமலே இருந்துவிடுவேன். வீட்டுக்குப் போனதும் காது பிடிபடும். ‘உன்மேல் என் கண்ணை வைத்து’ என்பதை இத்தனை நாளும் ஒரு காவல் ஏற்பாடாகத்தான் வாசித்திருந்தேன். அவர் பார்த்துக்கொள்வார் என்று சுகமாக இருந்துவிட்டேன். நானும் பார்க்கவேண்டும் என்பது அந்த வசனத்துக்குள் இருந்தது. கண்ணைப் பார்க்காதவனுக்குக் கடிவாளம்தான் மிச்சம். அடையாளம் கொடும், அட்டை கொடும், கதவை அடையும் அல்லது திறவும் என்று நான் மன்றாடிய மூன்று வாரமும் நான் கேட்டது கடிவாளத்தைத்தான்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து நீதிமொழிகளைத் திறந்தேன். பதினோராம் அதிகாரத்தில் என்னைச் சிலிர்க்க வைத்த வசனத்துக்கு ஒன்பது வசனம் தள்ளி, அதே பக்கத்தில், ‘வாரியிறைத்தும் விருத்தியடைவாரும் உண்டு, அதிகமாய்ப் பிசினித்தனம்பண்ணியும் வறுமையடைவாரும் உண்டு’ என்றிருந்தது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். மூன்றாம் அதிகாரத்தில் இது இருந்தது: ‘உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே.’ தேதிக்கு ஓர் அதிகாரம் என்பது என் வழக்கம். ஆகவே 2022 செப்டம்பர் 3 அன்று காலையில், என் மூன்று வார ஜெபத்தின் நடுவில், காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இந்த வசனத்தை நான் வாசித்திருக்கிறேன். ஒரு ரோமம்கூடச் சிலிர்க்கவில்லை.

சமாதானம் கிடைக்கவில்லை என்பது

எங்களிடையே வழிநடத்துதலுக்குக் கடைசிச் சாட்சி ‘சமாதானம்’. உள்ளத்தில் சமாதானம் இருந்தால் தேவசித்தம், இல்லாவிட்டால் இல்லை. இதற்கு ஆதாரமாகக் கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: ‘தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது.’ அங்கேயும் நாங்கள் பாதியில் நிறுத்திவிடுகிறோம். ‘இதற்கென்றே நீங்கள் ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள்’ என்று அது தொடர்கிறது. பவுல் பேசுவது ஒருவன் தனியே கண்ணை மூடி உட்கார்ந்து தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிற சமாதானத்தைப் பற்றி அல்ல. ஒருவருக்கொருவர் குறை பொறுத்து ஒரே உடம்பாக வாழ்கிறவர்களுக்கு நடுவில் நிலவவேண்டிய சமாதானத்தைப் பற்றி. நான் என் சமாதானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அதே சரீரத்தின் இன்னொரு உறுப்பை வேப்பமரத்தடியில் நிற்கவைத்து அனுப்பினேன். நீதிமொழிகள் ‘அந்நியனுக்காக’ என்று எச்சரிக்கிறது. ஒரே அப்பத்தில் பிட்டு, ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவரை அந்நியன் என்ற சொல்லுக்குள் நான் எப்படி அடைத்தேன் என்பதுதான் எனக்கே விளங்கவில்லை.

உள்ளத்து அமைதியை மட்டும் நம்பினால் யோனாவையும் கணக்கில் எடுக்கவேண்டும். தேவசமுகத்தை விட்டு ஓடினவன், புயலின் நடுவே கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்த நித்திரை பண்ணினான். கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவரோ மிகவும் வியாகுலப்பட்டார். வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. யாருக்குச் சமாதானம் இருந்தது?

இந்த ஊரில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு; அவர் எங்கள் சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர், அதனால் நாங்கள் பேசுவதில்லை. 1606இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்கத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்டவர். காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, துறவிபோல வாழ்ந்த அவருடைய வழி சரியா என்பது அவருடைய சொந்தச் சபையிலேயே பெரிய வழக்காயிற்று. அவருக்கு முன்பே மதுரையில் இருந்த சகத் துறவியே குற்றம்சாட்டினார். கோவாவில் விவாதம், உரோமுக்கு முறையீடு என்று இழுத்து, 1623இல்தான் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக வந்தது. அவர் கொண்டுவந்த முறையில், குறிப்பாகச் சாதியோடு அது செய்துகொண்ட சமரசத்தில், எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. என்றாலும் ‘எனக்குச் சமாதானம் இருக்கிறது, என்னை யாரும் கேட்கக்கூடாது’ என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. தன் காரணங்களை எழுத்தில் வைத்தார். எதிர்த்தவர்கள் அதைப் பிய்த்துப் போட இடம் கொடுத்தார். நான் மூன்று வாரத்தில் ஒருவரிடம் வாய் திறந்து கேட்டிருந்தால், என் மனைவியிடம்கூடக் கேட்டிருந்தால், என் காரணம் பயம் என்று அரை நிமிடத்தில் அவள் சொல்லியிருப்பாள். ஆலோசனை கேட்காமல் ஆண்டவரிடம் மட்டும் கேட்கிறேன் என்பது பக்தியாகத் தோன்றும்; பல நேரங்களில் சாட்சி இல்லாத இடத்தில் நடக்கிற பேரம் அது.

அப்படியானால் கேட்டவர் எல்லாருக்கும் கையெழுத்துப் போடுவதுதான் சீஷத்துவமா என்று என் மைத்துனர் என்னை மடக்கினார். இல்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொன்னவரும் இயேசுவே. அதைச் சொன்னது சிலுவையைச் சுமந்து பின்பற்றுவதைப் பற்றிப் பேசிய அதே மூச்சில். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. நான் செய்த தப்பு, கணக்கை ஒழுங்காகப் பார்க்காததும், பார்த்த அரைகுறைக் கணக்கை ஜெபம் என்று பெயர் மாற்றியதும். உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை, ஐந்தாண்டுக்கு என்னை யாரும் கதவைத் தட்டப்போவதில்லை, அதற்குள் அந்தப் பெண் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பாள். அப்படியும் முடியாது என்றால், முடியாது என்று சொல்லியிருக்கலாம். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்பது மலைப்பிரசங்கம். மறுப்பது பாவம் என்று எங்கும் இல்லை. மறுப்புக்கு ஆண்டவரைச் சாட்சிக்கு இழுப்பது மூன்றாம் கட்டளையில் இருக்கிறது. ‘கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்பதைக் கெட்டவார்த்தை பேசுகிறவர்களுக்கான கட்டளை என்றுதான் ஓய்வுநாள் பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அதே மலைப்பிரசங்கத்தில், ‘உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே’ என்று எங்கள் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. கொடுக்காமல் இராதே என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. முகத்தைப் பற்றிப் பேசுகிறது. விருந்தாக வந்தவர் நம் முகம் திரிந்தாலே வாடிவிடுவார் என்கிற குறளை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்ற எனக்கு அறுபத்தேழு வயது ஆகவேண்டியிருந்தது.

ஜூன் மாதம் ஒரு மாலை, செல்லூரில் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். ஒற்றை அறை, விடுதியிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. “அன்னைக்கு நான் ஜெபிக்கலம்மா. பயந்துட்டேன். ஜெபிச்சேன்னு சொன்னது பொய்” என்றேன். அவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினார். “தெரியும் சார்” என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “அந்த மூணு வாரமும் கோயில்ல நீங்க எங்க பக்கமே திரும்பல.”

பால் பொங்குவதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மகளுக்கு இறுதியாண்டு. முடித்ததும் போஸ்ட் பேசிக் படித்தால் பட்டம் கிடைக்கும், அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு. நான்காண்டில் முடிந்திருக்கவேண்டியது ஐந்தாகிறது என்று என் மனம் கணக்குப் போட்டது. அவர் அதைச் சொல்லவில்லை. “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டேன். கல்லூரியில் விசாரித்த தொகையைச் சொன்னார். சட்டைப் பையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைத் தாள் மடித்தபடி இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். கட்டணம், விடுதி, சீருடை, பேருந்து. அதற்குக் கீழே என் ஓய்வூதியம், எங்கள் வீட்டுச் செலவு, மருந்து. அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, நான் எழுதுவதை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பவே சொல்ல வேணாம் சார்” என்றார். “வீட்டுக்குப் போயி ஜெபிச்சுச் சொல்லுங்க.”

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. டீ ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார்.